வண்டித் தொட்டிக்கு ஒரு மடக்கு மூடி



நம் சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்புக்குப் பாடநூல்கள் கொண்டுவரும் பொறுப்பு 2022-ஆம் ஆண்டு என்னிடம் வந்தது. என் மாப்பிள்ளையிடம் இரட்டை அறை பிக்கப் வண்டி ஒன்று இருக்கிறது. சாஸ்வட் பக்கம் உள்ள அவருடைய அத்தித் தோட்டத்துக்குப் போய்வர வாங்கியது. சென்னையில் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தோம். திரும்பி வரும்போது புத்தகக் கட்டுகளைத் தொட்டியில் அடுக்கி, மேலே தார்ப்பாய் போட்டு, கயிறு கட்டி, ஜூன் இரண்டாம் வாரம் புறப்பட்டோம். பூனா வரை சுமார் 1,200 கிலோமீட்டர். நிப்பாணி தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. கராட் வரை விடவில்லை.

வீட்டுக்கு வந்து தார்ப்பாயை அவிழ்த்தபோது நடுவில் குளம்போலத் தண்ணீர். கயிறு உரசிய இடத்தில் இரண்டு ஓட்டை. 140 புத்தகங்களில் 52 நனைந்து ஊறிவிட்டன. ஆசிரியைகளும் தாய்மார்களும் மூன்று நாள் மின்விசிறியின் கீழ்ப் பரப்பி, இஸ்திரிப் பெட்டி வைத்து, முடிந்தவரை காப்பாற்றினார்கள். மறுபடி வாங்க அந்த ஆண்டு சங்கத்திடம் பணம் இல்லை. நனைந்த புத்தகங்களைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம்.

தீபாவளி சமயம் வகுப்புக்குப் போயிருந்தேன். மராத்திப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு சிறுமியிடம், "எது வரைக்கும் படிச்சிருக்கே, கண்ணு?" என்று கேட்டேன். "ஆறாம் பாடம் வரைக்கும், தாத்தா. அதுக்கு அப்புறம் ஒட்டிப் போச்சு" என்றாள். அவள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. வீட்டில் அவளிடம் இருக்கும் தமிழ்ப் புத்தகம் அது ஒன்றுதான். கயிறு கட்டியவன் நான். நாற்பது வருடம் பிம்ப்ரியில் டூல் ரூமில் வேலை பார்த்தவனுக்கு ஒரு தொட்டியை மூடத் தெரியவில்லை என்று அன்றைக்கு வெட்கப்பட்டேன்.

அதன் பிறகு நானும் மாப்பிள்ளையும் ஒரு கடினமான மடக்கு மூடியைத் தேடி வாங்கி, நாங்களே பொருத்தினோம். நம்மவர்கள் பலர் இப்போது பிக்கப் வண்டி வைத்திருக்கிறார்கள். சமையல் ஒப்பந்தம் எடுப்பவர்கள், தோட்டம் வைத்திருப்பவர்கள், ஊருக்கும் இங்குமாகச் சாமான் கொண்டுபோகிறவர்கள் எனப் பலர். அவர்களுக்குப் பயன்படும் என்று, கற்றுக்கொண்டதைப் பாடமாகவே எழுதுகிறேன். வண்டியின் சுமை ஏற்றும் பகுதியைப் பட்டறையில் பாடி என்பார்கள். நான் தொட்டி என்றே எழுதுகிறேன்.

தார்ப்பாய் ஏன் தோற்றது?

வண்டி வேகமாகப் போகும்போது காற்று ஓட்டுநர் அறையின் கூரையைத் தாண்டிப் பின்னால் பாய்கிறது. அறைக்குப் பின்னால், தொட்டியின் மேல், அழுத்தம் குறைகிறது. கீழே இருக்கும் காற்று துணியை மேலே தூக்குகிறது. பிறகு அது கீழே விழுகிறது. இப்படி ஒரு நிமிடத்தில் எத்தனையோ முறை படபடக்கும். ஒவ்வொரு முறையும் கயிறு ஒரே இடத்தில் உரசும். நானூறு கிலோமீட்டரில் நல்ல தார்ப்பாயும் தேய்ந்து போகும்.

இரண்டாவது காரணம் பள்ளம். வண்டி நின்றவுடன் துணி தொய்கிறது, தொய்ந்த இடத்தில் மழைநீர் தேங்குகிறது. ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது இருபத்திரண்டரை லிட்டர். அதாவது இருபத்திரண்டரை கிலோ எடை. அந்த எடை துணியை மேலும் தொய்ய வைக்கும், மேலும் தண்ணீர் சேரும். எங்கேயாவது ஓர் ஊசித் துளை இருந்தால் போதும்.

ஆக, நல்ல மூடி என்றால் இரண்டு குணம் வேண்டும்: காற்றுக்குப் படபடக்கக் கூடாது, தண்ணீருக்குத் தொய்யக் கூடாது. விலை, அழகு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மூடிகளில் எத்தனை வகை?

கடைக்காரர்கள் இவற்றை எல்லாம் 'டோனோ கவர்' என்பார்கள். பிரெஞ்சு மொழியில் அந்தச் சொல்லுக்குப் பீப்பாய் என்று பொருள். ஆரம்ப கால மோட்டார் கார்களில் பின் இருக்கைப் பகுதிக்கு அந்தப் பெயர் இருந்தது. அதன்மேல் போட்ட மூடிக்கும் அதே பெயர் வந்தது. இன்று பிக்கப் வண்டியின் மூடிக்கு அது நிலைத்துவிட்டது.

முதல் வகை, சுருட்டும் துணி மூடி. தடித்த வினைல் துணியைச் சட்டத்தின்மேல் இழுத்து மாட்டுவது. விலை குறைவு, எடை குறைவு. ஆனால் கத்தியால் கீறினால் போயிற்று.

இரண்டாவது, மடக்கும் துணி மூடி. துணிதான், சட்டம் மூன்று துண்டாக மடங்கும்.

மூன்றாவது, கடின மடக்கு மூடி. அலுமினியம் அல்லது ஃபைபர் பலகைகள் மூன்றோ நான்கோ, கீல் வைத்து இணைத்தது. புத்தகம் மடிப்பதுபோல் முன்பக்கம் மடித்து வைக்கலாம். மழைக்கும் திருட்டுக்கும் துணியைவிட மேல். கழற்றி எடுக்கவும் முடியும். சிறிய தொட்டிக்கு உரியது பொதுவாக 20 முதல் 30 கிலோ இருக்கும்.

நான்காவது, இழுத்து மூடும் ஷட்டர் மூடி. கடை ஷட்டர் போலப் பெட்டிக்குள் சுருண்டு கொள்ளும். வசதிதான், ஆனால் அந்தப் பெட்டி தொட்டியின் முன்பக்கத்தில் முக்கால் அடி முதல் ஓர் அடி வரை இடத்தைத் தின்னும். பெட்டிக்குள் தூசி சேர்ந்தால் ஓட்டமும் சிக்கும்.

ஐந்தாவது, ஒரே பலகையாக வரும் ஃபைபர் மூடி. கார் டிக்கி மாதிரி தூக்கித் திறப்பது. பூட்டுக்கு நல்லது. ஆனால் உயரமான சாமான், உதாரணமாக ஒரு பீரோ, ஏற்ற வேண்டுமென்றால் முழு மூடியையும் இரண்டு பேர் சேர்ந்து கழற்ற வேண்டும்.

மாப்பிள்ளைக்கு ஒரு நாள் அத்திப் பழக் கூடை, மறுநாள் உயரமான நாற்றுக் கன்று. எனவே மூன்றாவது வகைதான் பொருந்தியது. உங்கள் வண்டியில் என்ன ஏறும் என்று ஒரு மாதக் கணக்கு எழுதிப் பாருங்கள். விடை தானே தெரியும்.

கடைக்குப் போகுமுன் அளவு

வண்டியின் பெயரைச் சொன்னால் மூடி தருவார்கள் என்று நம்பிப் போகக் கூடாது. ஒரே பெயரில் ஒற்றை அறை வண்டியும் இருக்கும், இரட்டை அறை வண்டியும் இருக்கும். இரண்டுக்கும் தொட்டி நீளம் வேறு. தயாரிப்பு ஆண்டு மாறினால் விளிம்பின் வடிவமும் மாறலாம். இஞ்சி டேப்பை எடுத்துக்கொண்டு இவற்றை நீங்களே அளந்து குறித்துக்கொள்ளுங்கள்:

1. நீளம்: அறைப்பக்கச் சுவரின் உள்விளிம்பிலிருந்து, மூடிய பின்கதவின் உள்விளிம்பு வரை. தரையில் அளக்காமல் மேல்விளிம்பில் அளக்க வேண்டும். இரட்டை அறை வண்டிகளில் பெரும்பாலும் ஐந்தடி சுமாருக்கு இருக்கும்.

2. அகலம்: முன், நடு, பின் என மூன்று இடத்தில்.

3. மூலைவிட்டம் இரண்டு: முன் இடமூலையிலிருந்து பின் வலமூலை, முன் வலமூலையிலிருந்து பின் இடமூலை. இரண்டும் சமமாக இருந்தால் தொட்டி சதுரமாக இருக்கிறது. எங்கள் வண்டியில் 4 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. அந்த அளவை ரப்பர் பட்டை ஏற்றுக்கொண்டது. விரற்கடை வித்தியாசம் என்றால் வண்டி எங்கோ இடிபட்டிருக்கிறது. முதலில் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

4. பக்கச் சுவரின் மேல்விளிம்புக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். உட்பக்கம் கீழ்நோக்கி மடிந்த ஓர் இரும்பு உதடு இருக்கும். கிளாம்ப் பிடிப்பது அதைத்தான். பிளாஸ்டிக் உள்ளுறை போட்டிருந்தால் அது அந்த உதட்டை மறைக்கிறதா என்று பாருங்கள். விளிம்புக்கு மேலே ஏறி மடியும் உள்ளுறை என்றால், கிளாம்ப் வரும் இடங்களில் வெட்ட வேண்டியிருக்கும்.

5. அறைக்குப் பின்னால் வளைகம்பி பொருத்தியிருந்தால் அதன் கால் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மூடியும் வளைகம்பியும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும் வண்டிகள் உண்டு.

கடையில் கேட்க வேண்டியவை

பலகை எதனால் ஆனது? இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே நுரை வைத்த பலகை எடை குறைவாகவும் விறைப்பாகவும் இருக்கும். விரலால் தட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே சத்தம் வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் வெற்றொலி வந்தால் நுரை ஒட்டவில்லை.

கீல் எது? சில மூடிகளில் பலகைகளுக்கு நடுவே ரப்பர்ப் பட்டையே கீலாக இருக்கும், சிலவற்றில் அலுமினியக் கீல். எதுவானாலும், பலகைகளுக்கு இடையே விழும் தண்ணீர் எங்கே போகும் என்று கேளுங்கள். நல்ல மூடியில் அதற்கு ஒரு வடிகால் வழி வைத்திருப்பார்கள். விற்பவருக்கே பதில் தெரியவில்லையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

ரப்பர்ப் பட்டை எந்த வகை? ஈ.பி.டி.எம். என்ற ரப்பர் வெயிலையும் மழையையும் வருடக்கணக்கில் தாங்கும். நுரைப் பஞ்சுப் பட்டை சீக்கிரம் அமுங்கிவிடும். பட்டை மட்டும் தனியாக விற்பனைக்குக் கிடைக்குமா என்பதையும் கேளுங்கள். பலகை பத்து வருடம் உழைக்கலாம், பட்டை அதற்கு முன்பே மாற்ற வேண்டி வரும்.

போல்ட், நட் எந்த உலோகம்? அலுமினியத்தோடு சாதாரண இரும்பு சேர்ந்து ஈரமும் பட்டால் அரிப்பு சீக்கிரம் வரும். துருப்பிடிக்காத எஃகும், நடுவில் நைலான் வாஷரும் இருந்தால் நல்லது.

பூட்டு எப்படி? பல மூடிகளில் பின்பலகையைத் திறக்கும் தாழ் உட்பக்கம் இருக்கும். பின்கதவைத் திறந்தால்தான் எட்டும். அப்படியென்றால் பின்கதவுக்குப் பூட்டு இல்லாவிட்டால் மூடிக்கும் பூட்டு இல்லை என்றுதான் அர்த்தம்.

எவ்வளவு எடை தாங்கும்? தாளில் ஒரு பெரிய எண் எழுதியிருக்கும். அது பலகை முழுதும் பரவலாக வைத்த எடைக்கு. ஒரு மனிதர் குதிகாலை ஊன்றி ஏறினால் அந்தக் கணக்கு செல்லாது. மேலே ஏறவே கூடாது.

'இது போட்டால் டீசல் மிச்சமாகும்' என்று சொல்வார்கள். அந்தச் சேமிப்பை நம்பி விலையைக் கணக்குப் போடாதீர்கள். மழை, தூசி, திருட்டு என்ற மூன்றுக்காக மட்டும் வாங்குங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. ஆகவே துளை போட்டு, வெல்டிங் வைத்து, உயரத்தைக் கூட்டும் வேலைகளில் இறங்காதீர்கள். துளையே போடாமல் கிளாம்ப்பில் நிற்கும், கையால் கழற்றக்கூடிய மூடியை வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்படியிருந்தும் வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவித்துப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டித் தயாரிப்பாளரின் உதிரிப் பட்டியலிலேயே மூடி இருந்தால் அதுவே நிம்மதி.

பொருத்தும் முறை

ஆள் இரண்டு, நேரம் இரண்டு மணி, இடம் சமதரை. கருவிகள்: இஞ்சி டேப், பென்சில், ரிங் ஸ்பேனர், டார்க் ரெஞ்ச், பழைய பருத்தித் துணி, கொஞ்சம் ஸ்பிரிட்.

முதல் படி: விளிம்புகளைச் சோப்பு நீரால் கழுவித் துடையுங்கள். அறைப்பக்கச் சுவரின் மேல்விளிம்பை மட்டும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். அங்கேதான் ஒட்டும் பட்டை வரும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒரே மழையில் பெயர்ந்துவிடும்.

இரண்டாம் படி: பட்டையை ஒரே நீளமாக, இழுக்காமல் ஒட்டுங்கள். இழுத்து ஒட்டினால் நாளடைவில் சுருங்கி இரண்டு மூலையிலும் இடைவெளி விடும்.

மூன்றாம் படி: மடித்த நிலையிலேயே மூடியை இரண்டு பேரும் தூக்கி, தொட்டியின் முன்பக்கம் வையுங்கள். வண்டியின் பெயிண்ட்மேல் இழுக்காதீர்கள், தூக்கி வையுங்கள். பிறகு ஒவ்வொரு பலகையாகப் பின்னோக்கி விரியுங்கள்.

நான்காம் படி: நடு பார்த்தல். இங்கேதான் நாங்கள் தவறினோம். "மாமா, கண்ணுக்கு நேராத்தான் இருக்கு, முறுக்கிடலாமா?" என்றார் மாப்பிள்ளை. நானும் தலையை ஆட்டினேன். முன் கிளாம்ப் இரண்டையும் இறுக்கிவிட்டுப் பின்னால் வந்து பார்த்தால், பின்பலகை வலப்பக்கம் ஒரு சென்டிமீட்டர் ஒதுங்கி நிற்கிறது. பின்கதவு உரசுகிறது. முன்னால் சில மில்லிமீட்டர் கோணல், ஐந்தடி தள்ளிப் பின்னால் வரும்போது பெருகிவிடும். எல்லாவற்றையும் தளர்த்தி, இடமும் வலமும் விளிம்பிலிருந்து பலகை வரை டேப் வைத்து, முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை அளந்து சமப்படுத்தினோம். கண்ணை நம்பாதே, அளவை நம்பு என்று நான்தான் பயிற்சிப் பையன்களுக்கு நாற்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் படி: முன் கிளாம்ப் இரண்டையும் கையால் மட்டும் முறுக்குங்கள். கிளாம்ப்பின் தாடை இரும்பு உதட்டை முழுதாகப் பிடித்திருக்கிறதா என்று குனிந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளுறையைப் பிடித்துக்கொண்டிருந்தால் அது பிடிப்பே அல்ல.

ஆறாம் படி: பின்கதவை மெல்ல மூடுங்கள். பின்பலகையின் பட்டை கதவின் மேல் மென்மையாக அமர வேண்டும். அறைந்து மூட வேண்டியிருந்தால் மூடி பின்னால் வந்துவிட்டது, கொஞ்சம் முன்னே தள்ளுங்கள். வெளிச்சம் தெரிந்தால் முன்னே போய்விட்டது.

ஏழாம் படி: இப்போது இடம், வலம், இடம், வலம் என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் வந்தால் மூடி இழுபடும். எவ்வளவு இறுக்கம் என்பது பெட்டியில் வரும் தாளில் இருக்கும். டார்க் ரெஞ்சை அந்த அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பலம் இருக்கிறது என்று அதற்குமேல் முறுக்கினால் அலுமினியத் திருகுமரை கழன்றுவிடும், இரும்பு உதடும் வளையும்.

எட்டாம் படி: மூன்று முறை மடித்து, மூன்று முறை விரித்துப் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லாக் கிளாம்ப்பையும் மறுபடி சரிபாருங்கள். புதுப் பட்டை அமுங்குவதால் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

தண்ணீர்ச் சோதனை

பொருத்திய அன்றே இதைச் செய்யுங்கள். தொட்டித் தரை முழுதும் பழைய செய்தித்தாளைப் பரப்பி மூடியை மூடுங்கள். தோட்டக் குழாயால் பத்து நிமிடம் மேலே மழைபோலத் தண்ணீர் விடுங்கள். பீய்ச்சி அடிக்கும் குழாய் வேண்டாம், மழை அப்படிப் பெய்வதில்லை. பிறகு திறந்து பாருங்கள். தாளில் எங்கே ஈரம் இருக்கிறதோ அதற்கு நேர்மேலேதான் வழி இருக்கிறது என்று அவசரப்படாதீர்கள். தண்ணீர் விளிம்பின் அடியில் ஓடி வேறிடத்தில் சொட்டலாம். ஈரத்திலிருந்து மேல்நோக்கி விரலால் தடவிக்கொண்டே போனால் ஆரம்பம் தெரியும்.

எங்களுக்கு முன்பக்க வலமூலையில் ஒரு தட்டளவு நனைந்தது. பட்டை மூலையில் ஒரு விரல் குட்டையாக வெட்டப்பட்டிருந்தது. வெட்டியவனும் நானே. புதுப் பட்டை ஒட்டியதும் நின்றது. பின்கதவின் கீழ் மூலையில் மட்டும் உள்ளங்கை அளவு ஈரம் கடைசி வரை இருந்தது. அது மூடியின் குற்றம் இல்லை. பிக்கப் வண்டியின் பின்கதவு தண்ணீர்த் தொட்டியின் மதகுபோல அடைபடுவதில்லை, அதைச் சுற்றி இயல்பாகவே இடைவெளி உண்டு.

இதிலிருந்து ஒரு பாடம். இந்த மூடிகள் மழையைத் தடுக்கும், முழுக்க நீர் புகாதவை அல்ல. நனையவே கூடாத பொருளைப் பாலிதீனில் சுற்றி, தரையிலிருந்து இரண்டு அங்குலம் உயர்த்தி வைப்பது எப்போதும் உங்கள் பொறுப்பு.

பயன்படுத்தும்போது

மூடிய தொட்டிக்குள் ஆளையோ குழந்தையையோ நாயையோ ஒரு நிமிடம்கூட ஏற்றாதீர்கள். வெயிலில் கறுப்புப் பலகையின் கீழே அடுப்புபோலச் சூடாகும், காற்றோட்டமும் இல்லை. அதே காரணத்தால் கேஸ் சிலிண்டர், பெட்ரோல் கேன் எதையும் மூடிய தொட்டியில் கொண்டுபோகக் கூடாது. சமையல் ஒப்பந்தக்காரர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

மடித்து வைத்து ஓட்டுவதானால், மூடியோடு வரும் வாரையோ தாங்குகம்பியையோ மாட்டாமல் வண்டியை எடுக்காதீர்கள். நிமிர்த்தி மடித்தால் பின் கண்ணாடி மறையும். அறைக்குப் பின்னால் உயரத்தில் பிரேக் விளக்கு இருந்தால் அதுவும் மறையும்.

பட்டைகளுக்குக் கிரீஸ், என்ஜின் ஆயில் தடவாதீர்கள். ஈ.பி.டி.எம். ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிக் கெட்டுவிடும். சிலிகான் ஸ்பிரே போதும். மழைக்காலத்துக்கு முன் ஒரு முறை வடிகால் வழிகளில் இலை, மண் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். தூசியை உலர்ந்த துணியால் தேய்க்காமல் முதலில் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், கீறல் விழாது.

பக்கம் திறக்கும் சிறு லாரி வைத்திருப்பவர்களுக்கு

மூன்று பக்கமும் கதவு இறங்கும் சிறு சரக்கு வண்டிகளுக்கு இந்த மூடி பொருந்தாது. அவர்களுக்குத் தார்ப்பாய்தான். ஆனால் நான் கட்டியது மாதிரி கட்டாதீர்கள். நடுவில் ஒரு மூங்கிலையோ குழாயையோ முதுகெலும்புபோல வைத்து, கூரைபோல இருபுறமும் சரிவு கொடுங்கள். இரண்டு தார்ப்பாய் போடுவதானால் பின்னால் உள்ளதை முதலில் விரித்து, முன்னால் உள்ளதன் விளிம்பை அதன்மேல் ஏற்றுங்கள். அப்போது காற்று உள்ளே நுழையாமல் வழுக்கிக்கொண்டு போகும். கயிறு வளையும் ஒவ்வொரு முனையிலும் பழைய சைக்கிள் டியூபைத் துண்டாக வெட்டிக் கொடுங்கள். இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை நிறுத்திக் கயிற்றை இழுத்துப் பாருங்கள். இந்த நான்கையும் 2022-இல் நான் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

முடிவாக

2023 ஜூனில் மறுபடி புத்தகம் எடுத்து வந்தோம். கீழே மரச்சட்டம், இருபது இருபதாகப் பாலிதீன் சுற்றிய கட்டுகள், மேலே மூடி. நிப்பாணியில் அதே மழை. நடுவில் நிறுத்திப் பார்க்கலாமா என்று எனக்குக் கை பரபரத்தது. "திறந்தாத்தான் மாமா நனையும்" என்றார் மாப்பிள்ளை. வீட்டுக்கு வந்து திறந்தபோது பின்கதவு மூலையில் அதே உள்ளங்கை அளவு ஈரம். புத்தகம் ஒன்றுகூட நனையவில்லை.

அந்தச் சிறுமி அடுத்த வகுப்புக்குப் போய்விட்டாள். அவளுக்குப் புதிய வகுப்பின் புத்தகத்தோடு, பழைய வகுப்பின் நனையாத பிரதி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தேன். புதியதை மடியில் வைத்துவிட்டு, பழையதை எடுத்து நேரே ஏழாம் பாடத்தைப் பிரித்தாள். விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, நின்ற இடத்திலேயே வாசிக்க ஆரம்பித்தாள்.

மூடி வாங்கும் எண்ணம் உள்ள அன்பர்கள் அளவுத் தாளோடு ஞாயிறு காலை சங்கத்துக்கு வாருங்கள். தமிழ் வகுப்பு முடியும் வரை நான் அங்கேதான் இருப்பேன். அளப்பதற்கு டேப்பும், பிடிப்பதற்கு இன்னொரு கையும் என்னிடம் உண்டு.